வீட்டில் செய்த சிஎன்சிக்குத் தொடுதிரை: திரையில் எது, திரைக்கு வெளியே எது?



கிண்டி தொழிற்பேட்டை, தாம்பரம் சானடோரியம் மெப்ஸ், திருமுடிவாக்கம் சிட்கோ என்று நம்மைச் சுற்றியுள்ள தொழில் பகுதிகளில் சிஎன்சி மெஷின் ஓட்டிப் பழகிய பிள்ளைகள் நம் மஹல்லாக்களில் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் வேலை முடிந்து வந்த பிறகு மாடி அறையிலோ வண்டி நிறுத்தும் இடத்திலோ அலுமினியச் சட்டமும் ஸ்டெப்பர் மோட்டாரும் வைத்துச் சொந்தமாக ஒரு சிறு ரவுட்டர் சேர்க்கிறார்கள். கதவுப் பலகையில் பூவேலை, ஜன்னல் ஜாலி, கடைப் பெயர்ப்பலகை, அரபு எழுத்து வேலைப்பாடு என்று அதற்கு வேலை உண்டு. எட்டடிக்கு நாலடி ஷீட் போடும் ஆயத்த மெஷின் வாங்கப் பல லட்சம் வேண்டும். வட்டிக்குக் கடன் வாங்க மனமில்லாதவர் மாதம் ஒரு பாகமாக வாங்கிச் சேர்க்கிறார். நாள் பிடிக்கும், ஆனால் சம்பாத்தியத்தில் வட்டி கலப்பதில்லை. இந்த முயற்சிக்கு நம் ஆதரவு எப்போதும் உண்டு.

மெஷின் ஓடத் தொடங்கியதும் அடுத்து வரும் ஆசை தொடுதிரை. அதுவும் நியாயமானதுதான். மரத்தூள் பறக்கும் இடத்தில் கீபோர்டும் மவுஸும் சீக்கிரம் கெட்டுப்போகும். லேப்டாப்பை மேசை ஓரத்தில் வைத்துக்கொண்டு, ஒரு கண் பிட்டிலும் ஒரு கண் மவுஸ் அம்புக்குறியிலுமாக வேலை செய்வது ஆபத்து. கம்ப்யூட்டர் அதிகம் பழகாத அத்தாவோ, வீட்டிலிருந்தே பெயர்ப்பலகை செய்ய நினைக்கும் சகோதரியோ, பெரிய பொத்தான்கள் உள்ள ஒரு திரை இருந்தால் ஒரு வாரத்தில் பழகிவிடலாம். ஆகவே திரை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. எந்த வேலையைத் திரையிடம் ஒப்படைக்கலாம், எதை ஒருபோதும் ஒப்படைக்கக் கூடாது என்பதுதான் இந்தப் பாடம்.

தொழிற்சாலையில் வேலை செய்யும் பிள்ளைகள் நாளை ஷிப்டுக்குப் போகும்போது ஃபானுக் அல்லது சீமென்ஸ் கன்ட்ரோல் உள்ள ஏதாவது ஒரு மெஷினின் பேனலைக் கொஞ்சம் நின்று பாருங்கள். பல லட்சம் பெறுமான மெஷின். திரை நல்ல திரைதான். இருந்தும் அதன் கீழே சைக்கிள் ஸ்டார்ட், ஃபீட் ஹோல்டு இரண்டும் அழுத்தினால் விரலுக்குத் தெரியும் நிஜப் பொத்தான்களாக இருக்கும். வேகத்தைக் கூட்டிக் குறைக்கத் திருகும் குமிழ் இருக்கும். மஞ்சள் பின்னணியில் சிவப்பு எமர்ஜென்சி பட்டன் தனியாக நிற்கும். செலவை மிச்சம் பிடிக்க இவற்றையெல்லாம் திரைக்குள் போட்டிருக்க முடியாதா? முடியும். போடாததற்குக் காரணம் இருக்கிறது.

தொடுதிரையில் இரண்டு வழிகள் உள்ளன. படம் ஒரு கேபிளில் வருகிறது. விரல் தொட்ட செய்தி பெரும்பாலும் யுஎஸ்பி என்ற இன்னொரு கேபிளில் போகிறது. யுஎஸ்பி அறுந்தாலும் படம் அப்படியே தெரியும். மெஷினும் தன் பாட்டுக்கு ஓடும். திரையில் பெரிதாக, சிவப்பாக, "நிறுத்து" என்று எழுதியிருக்கும்; அதை எத்தனை முறை குத்தினாலும் ஒன்றும் நடக்காது. பார்த்துக்கொண்டிருப்பவருக்கு அது பழுதானது என்று தெரியவே சில விநாடிகள் ஆகும். அந்த விநாடிகளில் பிட் கிளாம்பில் மோதலாம், பலகை பெயர்ந்து பறக்கலாம், பதற்றத்தில் ஒருவர் கையை உள்ளே நீட்டலாம்.

எந்த மென்பொருள்?

வீட்டில் செய்பவர்கள் பெரும்பாலும் இரண்டு வழிகளில் ஒன்றில் போகிறார்கள். ஒன்று ஜிஆர்பிஎல். இது நார்வேயைச் சேர்ந்த சிமென் ஸ்வாலே ஸ்கோக்ஸ்ருட் 2009-இல் தொடங்கிய இலவச மென்பொருள். ஆர்டுயினோ யூனோ என்ற கையளவு போர்டிலேயே மூன்று அச்சுகளையும் ஓட்டிவிடும். திரை உள்ள கம்ப்யூட்டரோ ராஸ்பெர்ரி பையோ ஜி-கோடை வரி வரியாக அந்தப் போர்டுக்கு அனுப்புகிறது, அவ்வளவே. இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. போர்டு தன் நினைவில் 16 அசைவுகள் வரை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளும். ஆகவே திரையில் "அனுப்புவதை நிறுத்து" என்று சொன்னாலும், திரையே உறைந்துபோனாலும், கையில் இருக்கும் வரிகளை முடிக்காமல் மெஷின் நிற்காது. நீளமான வெட்டுகளாக இருந்தால் 16 வரி என்பது கணிசமான தூரம். ஃபீட் ஹோல்டு கட்டளை போனால்தான் உடனே வேகம் குறைந்து நிற்கும். இதற்காகவே ஜிஆர்பிஎல் போர்டில் தனி முனைகள் ஒதுக்கப்பட்டுள்ளன: யூனோவில் ஏ0 ரீசெட், ஏ1 ஃபீட் ஹோல்டு, ஏ2 சைக்கிள் ஸ்டார்ட். மூன்று சாதாரண புஷ் பட்டன்களையும் சில அடி ஷீல்டு வயரையும் வாங்கி இவற்றில் இணைத்துவிட்டால், திரை செத்தாலும் இந்தப் பொத்தான்கள் வேலை செய்யும். நம் கருத்தில், தொடுதிரைக்குச் செலவு செய்யும் முன் இதைச் செய்ய வேண்டும்.

இன்னொரு வழி லினக்ஸ்சிஎன்சி. அமெரிக்க அரசின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் 1990-களில் உருவாக்கிய கன்ட்ரோலர் இதற்கு மூலம். பின்னர் தன்னார்வலர்கள் எடுத்து வளர்த்தார்கள். இதுவும் இலவசம்தான், திருட்டுப் பிரதி என்ற பேச்சுக்கே இடமில்லாதது. விலைக்கு விற்கும் மென்பொருளை உடைத்துப் போட்டு ஹலாலான தொழில் தொடங்குவது சரியா என்று கேட்கும் இளைஞர்களுக்கு, அந்தக் கேள்வியே எழாத வழி இது.

லினக்ஸ்சிஎன்சியில் ஒரே மெஷினுக்குப் பல முகப்புகள் போடலாம். இன்னி கோப்பில் டிஸ்ப்ளே என்ற பகுதியில் ஒரு வரியை மாற்றினால் முகப்பு மாறிவிடும். வழக்கமாக வரும் ஆக்ஸிஸ் முகப்பு மவுஸுக்கானது. விரலுக்கு அதன் பொத்தான்கள் சிறியவை. தொடுதிரைக்கென்று செய்யப்பட்டவற்றில் இரண்டைச் சொல்லலாம்: டச்சி, ஜிமோக்காப்பி.

டச்சி முகப்பைப் பார்த்தாலே ஒரு பாடம். கீபோர்டும் மவுஸும் வேண்டாம் என்பதற்காகவே எழுதப்பட்ட முகப்பு அது. ஆனால் சைக்கிள் ஸ்டார்ட், அபார்ட், சிங்கிள் பிளாக் மூன்றுக்கும் வெளியே நிஜப் பொத்தான்கள் இருக்கும் என்றும், அச்சுகளை நகர்த்த எம்பிஜி எனப்படும் கைச்சக்கரம் இருக்கும் என்றும் அது எதிர்பார்க்கிறது. அவற்றை இணைக்க ஒரு ஹால் கோப்பை நாமே எழுத வேண்டும். அந்தக் கோப்பில்லாமல் அமைப்பு முழுமையாகாது. தொடுதிரைக்கென்றே முகப்பு எழுதியவர்களே அசைவையும் நிறுத்தத்தையும் கண்ணாடிக்கு வெளியே வைத்திருக்கிறார்கள்.

ஜிமோக்காப்பி பார்க்க அழகானது, பொத்தான்கள் பெரியவை, திரையிலேயே எழுத்துப்பலகை வரும். புதிதாகப் பழகுபவர்களுக்கு இதையே நாம் சொல்வோம். ஆனால் திரை வாங்கும் முன் ஒரு விஷயம்: இதற்குக் குறைந்தது சுமார் 980க்கு 750 புள்ளிகள் உள்ள திரை வேண்டும். ராஸ்பெர்ரி பையின் 7 அங்குல அசல் திரை 800க்கு 480 தான். விலை குறைவாகக் கிடைக்கும் பல 7, 10 அங்குலத் திரைகள் 1024க்கு 600. இரண்டிலும் ஜிமோக்காப்பியின் கீழ்வரிசைப் பொத்தான்கள் திரைக்கு வெளியே போய்விடும். அங்குலத்தைக் கேட்டு வாங்காதீர்கள், புள்ளிக் கணக்கைக் கேட்டு வாங்குங்கள். ரிச்சி தெருவில் இறங்கினால் "எல்லாத்துக்கும் செட் ஆகும்" என்றுதான் சொல்வார்கள். கடையிலேயே மின் இணைப்புக் கொடுத்து, நாலு மூலையிலும் தொட்டுப் பார்த்து வாங்குவது நல்லது.

இன்னொன்று, கண்ணாடியின் வகை. செல்போனில் இருப்பதுபோன்ற கெப்பாசிட்டிவ் திரையில் வியர்வைத் துளியோ தண்ணீரோ பட்டால் தொடாத இடத்தைத் தொட்டதாக எடுத்துக்கொள்ளக்கூடும். அழுத்தினால் வேலை செய்யும் ரெசிஸ்டிவ் திரைக்கு அந்தத் தொல்லை குறைவு. கையுறை போட்டபடி தொடலாம் என்பதற்காக ரெசிஸ்டிவ் வாங்குவதாகச் சிலர் சொல்வார்கள். சுற்றும் ஸ்பிண்டில் பக்கத்தில் கையுறையே கூடாது. நூல் சிக்கினால் விரலோடு இழுத்துவிடும்.

போர்வெல் ஸ்டார்ட்டர் கற்றுத்தரும் பாடம்

தாம்பரம், சேலையூர், முடிச்சூர் பக்கம் போர்வெல் உள்ள வீட்டில் மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டியைப் பார்க்காதவர் இருக்க மாட்டார். பச்சைப் பொத்தானை அழுத்தினால் உள்ளே இருக்கும் கான்டாக்டர் இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. சிவப்பை அழுத்தினால் விடுகிறது. கரண்ட் போனாலும் விட்டுவிடுகிறது. ஆட்டோ சுவிட்ச் போடாதவரை, கரண்ட் திரும்பி வந்தாலும் யாராவது போய்ப் பச்சையை அழுத்தும்வரை மோட்டார் ஓடாது.

சிஎன்சிக்கு வேண்டியதும் இதே அமைப்புத்தான். ஸ்டெப்பர் டிரைவர்களுக்குப் போகும் மின்சாரத்தையும் ஸ்பிண்டிலுக்குப் போவதையும் ஒரு கான்டாக்டர் வழியாகக் கொடுங்கள். எமர்ஜென்சி பட்டனை அந்தக் கான்டாக்டரின் காயிலுக்குப் போகும் வயரில் தொடராக இணையுங்கள். பட்டனில் என்ஓ, என்சி என்று இரண்டு வகைத் தொடர்பு இருக்கும். என்சி என்பது சும்மா இருக்கும்போது மூடியிருப்பது, அழுத்தினால் திறப்பது. என்சியைத்தான் எடுக்க வேண்டும். எலி கடித்தோ, திருகு தளர்ந்தோ வயர் விட்டுப்போனால் பட்டனை அழுத்தியதற்குச் சமமாகி மெஷின் நின்றுவிடும். என்ஓவில் இணைத்திருந்தால் வயர் அறுந்ததே தெரியாது. அவசரத்தில் அழுத்தும் அன்றுதான் தெரியவரும். மேசையின் மறுமுனையிலும் இரண்டாவது பட்டன் வைப்பதானால் அதையும் தொடராகவே இணையுங்கள்.

அவசர நிறுத்தம் பற்றிய ஐஎஸ்ஓ 13850 என்ற சர்வதேசத் தரமும் இதையே கேட்கிறது: பொத்தான் சிவப்பு, பின்னணி மஞ்சள், அழுத்தினால் பூட்டிக்கொள்ள வேண்டும், திருகி விடுவித்த மாத்திரத்தில் மெஷின் தானே கிளம்பக் கூடாது.

திரையும் கம்ப்யூட்டரும் மட்டும் இந்தக் கான்டாக்டருக்கு வெளியே, தனி இணைப்பில் இருக்கட்டும். நிறுத்திய பிறகும் பிட் எங்கே நிற்கிறது என்று திரையில் பார்க்க முடியும். ராஸ்பெர்ரி பை என்றால் இன்னொரு காரணமும் உண்டு: எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் அதன் மெமரி கார்டு கெட்டு, மறுநாள் காலை திறக்காமல் போகலாம். கார்டின் ஒரு பிரதியைத் தனியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

எமர்ஜென்சி பட்டனின் இன்னொரு தொடர்பைக் கன்ட்ரோலருக்கும் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் மோட்டார் நின்றது தெரியாமல் மென்பொருள் கணக்கை ஓட்டிக்கொண்டே போகும். ஸ்பிண்டில் மின்சாரம் போன பிறகும் சில விநாடிகள் சுற்றும் என்பதையும், விஎஃப்டி பெட்டிக்குள் இருக்கும் கெப்பாசிட்டர்கள் மின்சாரத்தை நிறுத்தி வெகுநேரம் வரை உயிரோடு இருக்கும் என்பதையும் வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள். 230 வோல்ட் வேலை, எர்த் சரிபார்ப்பு இரண்டையும் லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனை வைத்துச் செய்யுங்கள். யூடியூப் பார்த்துச் செய்யும் பகுதி இது இல்லை.

திரையை அமைத்தல்

இனி திரைக்குள் வருவோம். படம் திரும்பியிருந்தால் தொடுதலும் அதே அளவு திரும்பியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் இடது பக்கம் தொட்டால் வலது பக்கம் பொத்தான் அழுந்தும். மெஷினுக்கு மின்சாரம் கொடுக்காமல் நாலு மூலையிலும் நடுவிலும் தொட்டு, அம்புக்குறி விரலுக்குக் கீழேயே வருகிறதா என்று பாருங்கள். திரை தானாக அணையும் வசதியையும் ஸ்கிரீன் சேவரையும் அடியோடு நிறுத்திவிடுங்கள். அணைந்த திரையை எழுப்பத் தொடும் முதல் தொடுதல் எந்தப் பொத்தானில் விழும் என்று யாராலும் சொல்ல முடியாது.

நகர்த்தும் பொத்தான்களில் இரண்டு முறை உண்டு. அழுத்திக்கொண்டிருக்கும்வரை நகர்வது ஒன்று. ஒரு தொடலுக்கு 0.1, 1, 10 மில்லிமீட்டர் என்று அளவாக நகர்வது இன்னொன்று. தொடுதிரையில் இரண்டாவதையே வையுங்கள். விரலை எடுத்த செய்தி வழியில் தொலைந்தால், முதல் முறையில் மெஷின் நகர்ந்துகொண்டே இருக்கும். இரண்டாவதில் அதிகம் போனால் 10 மில்லிமீட்டர். லிமிட் சுவிட்ச் இருக்கிறதே என்பார்கள். அது அச்சின் கடைசியில் இருக்கிறது, கிளாம்பு நடுவில் இருக்கிறது.

வேலைப் பலகையில் தொடக்கப் புள்ளியைக் குறிப்பதைப் பட்டறையில் "சைபர் வைப்பது" என்பார்கள். (சைபர் என்ற சொல்லே ஸிஃப்ர் என்ற அரபுச் சொல்லின் வழி வந்தது.) இந்த மூன்று பொத்தான்கள், எக்ஸ் சைபர், ஒய் சைபர், இசட் சைபர், தவறுதலாக அழுந்தினால் நல்ல பலகை வீணாகும், பிட்டும் உடையும். ஆகவே இவற்றை ஸ்டார்ட் பக்கத்திலோ நகர்த்தும் பொத்தான்கள் பக்கத்திலோ வைக்காதீர்கள். லினக்ஸ்சிஎன்சியில் கிளேட்விசிபி என்ற வசதியைக் கொண்டு நமக்கு வேண்டிய பொத்தான்களை மட்டும் தனிப் பலகையாகச் செய்து, தமிழிலேயே பெயர் எழுதலாம். "பலகையின் மூலைக்குப் போ", "பிட்டை மேலே தூக்கு" என்று எழுதியிருந்தால் ஆங்கிலம் தடுமாறும் பெரியவருக்கு எவ்வளவு தைரியம் வரும்! ஜிமோக்காப்பியின் செட்டிங்ஸ் பக்கத்துக்கு 123 என்ற பூட்டுக் குறியீடு முன்கூட்டியே போடப்பட்டிருக்கும். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் அதை மாற்றுங்கள். அதற்குப் பதில் சாவி சுவிட்சும் இணைக்கலாம், நமக்கு அதுவே மேல்.

பேனலை மாட்டும் இடம்: நின்றபடி பிட் தெரிய வேண்டும், ஆனால் மெஷினின் குறுக்குச்சட்டம் கடைசிவரை வந்தாலும் உங்களைத் தொடக் கூடாது. எமர்ஜென்சி பட்டனை அடைய மேசைக்கு மேலாகக் கையை நீட்டும்படி இருந்தால் அந்த இடம் தவறு. கம்ப்யூட்டரைத் தூள் புகாத பெட்டியில் அடைப்பவர்கள் வெப்பத்தையும் நினைக்க வேண்டும். ராஸ்பெர்ரி பை 80 டிகிரியைத் தொட்டதும் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மே மாதம், ஆஸ்பெஸ்டாஸ் கூரை, மூடிய பெட்டி என்றால் அந்தச் சூடு சீக்கிரம் வந்துவிடும். வடிகட்டித் துணி போட்ட சிறு ஃபேன் ஒன்று வேண்டும்.

பேரலல் போர்ட் வழியாகப் பழைய டெஸ்க்டாப்பில் லினக்ஸ்சிஎன்சி ஓட்டுபவர்கள், அதிலேயே வரும் லேட்டன்சி டெஸ்ட்டைத் திரை மாட்டிய பிறகு மறுபடியும் ஓட்டிப் பார்க்க வேண்டும். சோதனை ஓடும்போதே திரையைத் தொட்டு, இழுத்து, ஒரு வீடியோவையும் ஓடவிடுங்கள். கம்ப்யூட்டர் ஒரு துடிப்பை எவ்வளவு தாமதமாக அனுப்புகிறது என்பதை அது காட்டும். 15 முதல் 20 மைக்ரோ விநாடிக்குள் இருந்தால் மிக நன்று. 30 முதல் 50 வரை சமாளிக்கலாம், வேகம்தான் குறையும். 100ஐத் தாண்டினால் அந்தக் கம்ப்யூட்டர் இந்த வேலைக்கு உதவாது. துடிப்பைத் தானே உண்டாக்கும் மெசா போன்ற தனி கார்டு வேண்டியிருக்கும், அதன் விலை கொஞ்சம் கனம்.

ஸ்பிண்டில் ஓடும்போது மட்டும் திரை தொடுதலுக்கு மசியவில்லை என்றால் பெரும்பாலும் விஎஃப்டியின் மின் இரைச்சலே காரணம். ஸ்பிண்டில் கேபிளையும் யுஎஸ்பி கேபிளையும் ஒரே குழாயில் கட்டிவிட்டிருப்பார்கள். பிரித்துக் கொண்டுபோங்கள், குறுக்கிட வேண்டிய இடத்தில் செங்குத்தாகக் குறுக்கிடட்டும். ஸ்பிண்டிலுக்கு ஷீல்டு கேபிள், குட்டையான யுஎஸ்பி கேபிள், அதில் ஒரு ஃபெரைட் வளையம், ஒழுங்கான எர்த். அனேகமாக இவற்றிலேயே தீரும்.

தொழுகை நேரமும் பாஸ் பொத்தானும்

பாங்கு சொன்னதும் திரையில் பாஸ் அழுத்திவிட்டுப் பள்ளிவாசலுக்குப் போகும் பழக்கம் ஆபத்தானது. பாஸ் அழுத்தினால் நகர்வு நிற்கும். பல அமைப்புகளில் ஸ்பிண்டில் சுற்றிக்கொண்டே இருக்கும். பிட் மரத்துக்குள் ஒரே இடத்தில் நின்று உரசினால் கருகும், புகையும், பக்கத்தில் குவிந்திருக்கும் எம்டிஎஃப் தூளில் பொறி பிடிக்கும். வெட்டு முடியும் இடம்வரை ஓட்டி, பிட்டை மேலே தூக்கி, ஸ்பிண்டிலை நிறுத்தி, சிவப்புப் பட்டனை அழுத்திவிட்டுப் போங்கள். நீளமான வேலையை ஜுமுஆவுக்கு அரைமணி நேரம் முன்பு தொடங்காதிருப்பது இன்னும் எளிது. சுவருக்கு அந்தப்பக்கம் அண்டை வீட்டார் இருக்கிறார்கள். ஃபஜ்ருக்கு எழுந்ததும் ரவுட்டரை முடுக்கிவிடும் உற்சாகமும் அவர்களை எண்ணி அடங்க வேண்டும்.

எல்லாம் முடிந்த பிறகு, பலகை ஏற்றும் முன், ஒரு சோதனை. பிட்டைக் கழற்றிவிடுங்கள். மேசை காலியாக இருக்கட்டும். ஒரு பழைய புரோகிராமை ஸ்பிண்டில் சுற்ற, ஆகாயத்தில் ஓட்டுங்கள். ஓடும்போதே தொடுதிரையின் யுஎஸ்பி கேபிளைப் பிடுங்குங்கள். திரை இனி உங்கள் பேச்சைக் கேட்காது. இப்போது வெளியே உள்ள ஃபீட் ஹோல்டு பொத்தானை அழுத்துங்கள். நகர்வு நிற்க வேண்டும். சைக்கிள் ஸ்டார்ட் கொடுத்து மறுபடி ஓடவிட்டு, எமர்ஜென்சி பட்டனை அழுத்துங்கள். மோட்டார்களின் மின்சாரம் போக வேண்டும், ஸ்பிண்டில் ஓய வேண்டும். பட்டனைத் திருகி விடுவியுங்கள். எதுவும் அசையக் கூடாது. இன்னொரு முறை ஓடவிட்டு மெயின் சுவிட்சை அணைத்துப் போடுங்கள். அப்போதும் எதுவும் தானே கிளம்பக் கூடாது. பிறகு உங்கள் மனைவியையோ தம்பியையோ அழைத்து, ஒன்றும் சொல்லிக்கொடுக்காமல் "நிறுத்து" என்று மட்டும் சொல்லுங்கள். அவர்கள் கை எங்கே போகிறது என்று பாருங்கள். திரையை நோக்கிப் போனால், சிவப்புப் பட்டனை இன்னும் பக்கத்தில், இன்னும் கண்ணில் படும்படி மாற்றி மாட்டுங்கள்.